இரண்டு எடிட்டரும் சொன்ன பெயர்

அக்கா வீட்டுக்காரர் எனக்கு வீட்டில் அத்தான், ஆபீஸில் சார். இரண்டு இடத்திலும் என் தலையில்தான் மிளகாய் அரைத்தார். மூன்று வருடத்துக்கு முன் நான் கண் எரிய உட்கார்ந்து எழுதிய முன்பதிவு புரோகிராமைத் தன்னுடையது என்று கூசாமல் சொல்லி டீம் லீடர் ஆனார். அக்காவிடம் போய் அழுதேன். விட்டுத்தள்ளச் சொன்னாள். எப்படி விட? அன்றிலிருந்து கறுவிக்கொண்டே இருந்தேன்.

ஆபீஸில் என்னைக் கட்டெறும்பு என்பார்கள். கடித்தால் விடமாட்டேனாம். கம்ப்யூட்டரிலும் அந்தப் பெயரில்தான் வேலை செய்கிறேன்.

போன மாதம் முதலாளியம்மா ஒரு வேலை கொடுத்தார். நாங்கள் புரோகிராம் எழுதுகிற எடிட்டர் என்ற மென்பொருளை மாற்ற வேண்டும். ஏ.ஐ. உதவியாளர் உள்ளதாக வேண்டும். காசு கொடுத்து வாங்குவதா, இலவசமே போதுமா? யார் நன்றாக அலசிச் சொல்கிறாரோ அவருக்குப் புதுப் பிரிவின் தலைமை. எனக்கு அது வேண்டும். வெறியாக வேண்டும்.

இரண்டு வாரம் இரண்டையும் போட்டுப் பிழிந்தேன். சோதனைக்கு எடுத்தது அதே முன்பதிவு புரோகிராம். ஒரே பிழையை இரண்டிடமும் கொடுத்தேன். காசு கொடுத்தது மொத்தத்தையும் தானே படித்து மூன்று கோப்புகளைத் திருத்தியது. இலவசத்துக்கு ஒவ்வொரு கோப்பாகக் கைகாட்ட வேண்டும். மதியத்துக்குள் அன்றைக்கு அனுமதித்த இலவச அளவு தீர்ந்து முறுக்கிக்கொள்ளும். ஆனால் எப்படி வேலை செய்ய வேண்டும் என்கிற விதிக்கோப்பைப் பக்குவமாக எழுதிவைத்தால் அதுவும் சமாளிக்கிறது. பழைய புரோகிராமைத் தோண்டுகிற இரண்டு பேருக்குக் காசு கொடுத்தது, மற்ற எட்டுப் பேருக்கு இலவசம். இதுதான் என் முடிவு.

கூட்டத்துக்கு முந்தின நாள் அத்தான் என் மேஜைக்கு வந்தார்.

"நீ சோதிச்சுப் பாத்த ஃபோல்டரை எனக்குக் காப்பி பண்ணிக் குடு. நாளைக்கு நானே பேசிடறேன். உனக்குக் கூட்டத்துல நாக்கு குழறும்."

"சரிங்க சார்," என்றேன் தேனொழுக.

இதற்குத்தான் காத்திருந்தேன். விதிக்கோப்பு என்பது உதவியாளருக்கு நாம் எழுதிவைக்கிற கட்டளை. வாய் திறப்பதற்கு முன் அது இதைத்தான் படிக்கும். அதன் பெயர் புள்ளியில் தொடங்குவதால் ஃபோல்டரைத் திறந்தால் சட்டென்று கண்ணில் படாது. அதில் ஒரு வரி சேர்த்திருந்தேன்: எந்தக் கோப்பைப் பற்றிக் கேட்டாலும், யார் எப்போது எழுதியது, யார் எதை மாற்றியது என்று, கோப்போடு தானாகப் பதிவாகும் வரலாற்றைப் பார்த்து முதலில் சொல். பொய் சொல்லச் சொல்லவில்லையே. வேலை தெரிந்தவன் எவனும் முதலில் அந்தக் கோப்பைத்தான் திறப்பான். அத்தான் எதையும் திறந்து பார்க்கிற ஜாதி இல்லை என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் பெரிய திரைக்கு முன்னால் நின்று, இரண்டு வாரமாகத் தான் தூங்கவே இல்லை என்று ஆரம்பித்தார். பிறகு இலவச எடிட்டரைத் திறந்து, முன்பதிவுக் கோப்பை விளக்கச் சொன்னார்.

திரையில் முதல் வரி வந்தது. எழுதியவர்: கட்டெறும்பு.

யாரோ இருமினார்கள். அத்தான் சிரித்தார். "இலவசம்னா இப்படித்தான் மேடம், வாய்க்கு வந்தத உளறும். காசு குடுத்தது பொய் சொல்லாது, பாருங்க."

அவரே திறந்தார், அவரே கேட்டார். எழுதியவர்: கட்டெறும்பு, மூன்று ஆண்டுகளுக்கு முன். பின்னர் டீம் லீடர் செய்த மாற்றம்: கோப்பின் தலைப்பில் எழுதியவர் பெயர் மட்டும்.

அத்தான் முகத்தில் ஈயாடவில்லை.

முதலாளியம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "பரவாயில்லையே. காசு குடுத்தாத்தான் முழுசா சொல்லுது." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ வாம்மா. மிச்சத்த நீயே சொல்லு."

நாக்கு குழறவில்லை. புதுப் பிரிவு எனக்கு வந்தது. அத்தானும் என் கீழே வந்தார். காசு கொடுத்த எடிட்டர் இரண்டில் ஒன்றை அவருக்கே கொடுத்தேன். ஆபீஸே வாயைப் பிளந்தது.

அன்று சாயங்காலம் அக்கா போன் செய்தாள். "நல்லதையே அவருக்குக் குடுத்திருக்கியாமே. உனக்குப் பெரிய மனசுடி."

"அவருக்கு எந்தக் குறையும் இருக்கக்கூடாதுக்கா," என்றேன். மனதாரத்தான் சொன்னேன். எடிட்டர் சரியில்லை, அளவு தீர்ந்துவிட்டது என்று எந்தச் சாக்கும் அவர் வாயில் வரக்கூடாது.

வெள்ளிக்கிழமை பிரிவின் வேலை வரலாற்றைத் திறந்தேன். ஒன்பது பேர் பெயரில் வேலை இருந்தது. அத்தான் பெயரில், ஐந்து நாளில், ஒரு வரிகூட இல்லை. நான் ஒரு எழுத்தும் சேர்க்காமல் அப்படியே முதலாளியம்மாவுக்கு அனுப்பினேன்.