நூல் மாதிரி, அரிசியில செஞ்சது

பன்றியிறைச்சிப் பொதியோடு வந்த பத்ரோஸ், மனைவி இடியாப்ப அச்சைக் கழுவுவதைப் பார்த்து அடுக்களை வாசலிலேயே நின்றுவிட்டார்.

"பன்னிக்கு இடியாப்பமா வயலட்டே? கேட்டவன் சிரிப்பான்."

"சிரிக்கட்டு. நீங்க போய் தேங்காச் சிரட்டைய பத்த வையுங்க."

வயலட் சிரிக்கிற நிலையில் இல்லை. ஓட்டல் வேலைக்கென்று வியட்நாம் போன மகன் ரெனில், அங்கேயே ஒருத்தியைக் கட்டி, காஞ்சிரங்குளத்துக்குக் கூட்டி வந்து விட்டுவிட்டுக் கப்பல் வேலைக்குப் போய்விட்டான். அவள் பெயர் லியென். ஊர்வாய்க்கு அது நான்கே நாளில் லிஜி ஆகிவிட்டது. மூன்று மாத வயிறு. மீன்குழம்பு, மரச்சீனிக் கிழங்கு, எது வைத்தாலும் ஒரு வாய்தான், பிறகு, "மதி அம்மா, மதி." போதும் என்பதற்கு இந்த ஊர்ச் சொல்; அவள் இங்கே முதலில் படித்ததே அதுதான். இரண்டு வாரத்தில் மூன்று கிலோ குறைந்துவிட்டாள். திங்கட்கிழமையும் இப்படியே இருந்தால் ஆஸ்பத்திரியில் சேர்த்து டிரிப் போட வேண்டும் என்று நெய்யாற்றின்கரை டாக்டர் சொல்லியிருந்தார். யாரோ பெற்ற பிள்ளையைப் பட்டினி போட்டவள் என்று பேர் வருமோ என வயலட்டுக்குப் பயம். பேர் கிடக்கட்டும், அந்தக் கழுத்தெலும்பைப் பார்க்கத்தான் அதைவிடப் பயம்.

முந்தாநாள் ரெனில் வாய்ஸ் மெசேஜ் போட்டிருந்தான். "பன்னியெறச்சி சுட்டதும் ரைஸ் நூடுல்சும் குடு அம்மா, அவ தின்னுவா. வெள்ளையா, நூல் மாதிரி, அரிசியில செஞ்சது. மீன் சாஸும் வேணும்."

நேற்று வயலட் பாறசாலை வரை போய்க் கடை கடையாக ஏறி இறங்கினாள். எல்லாரும் சேமியாவைத்தான் எடுத்து நீட்டினார்கள். திரும்பி வரும் பஸ்ஸில்தான் மண்டையில் உறைத்தது. நூல் மாதிரி, அரிசியில் செய்தது என்றால் அதற்குப் பாறசாலை எதற்கு? வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த தன்னைத் தானே திட்டிக்கொண்டாள்.

மீன் சாஸும் அப்படித்தான். உப்பு நெத்தோலி ஊறுகிற ஜாடி, அந்தப் பரணியின் அடியில் நிற்கிற தண்ணீரை மற்ற நாளில் கொட்டிவிடுவாள். இன்று அதைத் துணியில் வடித்துக் காய்ச்சி, சர்க்கரை, எலுமிச்சைச் சாறு, பூண்டு, காந்தாரி மிளகாய் சேர்த்தாள். இறைச்சியில் எலுமிச்சை மணக்கும் இஞ்சிப்புல்லைத் தட்டிப் பிரட்டினாள். பத்ரோஸ் மீன் சுடுகிற கம்பி வலையைச் சிரட்டைக் கனலில் வைத்தார். கொழுப்பு சொட்டிப் புகை வீடெல்லாம் ஏறியது.

தட்டை மேசையில் வைத்த பிறகுதான் வயலட் கவனித்தாள். முப்பது வருஷக் கைப்பழக்கத்தில் இடியாப்பத்தோடு தேங்காய்ப்பூவையும் தூவிப் பிழிந்திருந்தாள். லிஜி ஒன்றை விரலால் தூக்கினாள். தேங்காய் மடியில் உதிர்ந்தது. அவள் உதடு கோணியது, கண் நிறைந்தது. எல்லாம் போச்சு என்று நினைத்தாள் வயலட்.

"பான் ஹோய்," என்றாள் லிஜி, இடியாப்பத்தைக் காட்டி. போனைத் தடவி ஒரு படத்தைக் காட்டினாள். ஏதோ சந்தை. சிரித்தபடி ஒரு பெண். அவள் முன்னால் வாழையிலையில் அடுக்கடுக்காக இடியாப்பம். "மை மதர்."

ரெனில் ஓட்டலில் தின்ற நூடுல்ஸ் வேறு. இவள் அம்மா ஊரில் பிழிந்து விற்கிறது இதேதான். மூன்று வருஷம் அங்கே கிடந்தவனுக்கு மாமியார் விற்பது இடியாப்பம் என்று தெரியவில்லை.

எட்டிப் பார்த்த பத்ரோஸ், "அப்போ சம்பந்தக்காரி நம்ம ஆளாக்கும்," என்றார்.

லிஜி தேங்காயைத் தட்டிவிட்டு, இறைச்சியை உள்ளே வைத்துச் சுருட்டி, பரணித் தண்ணீரில் முக்கிக் கடித்தாள். இன்னொன்று எடுத்தாள். பிறகும் எடுத்தாள். கண் பட்டுவிடக் கூடாதே என்று வயலட் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். காலையிலிருந்து தானும் ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

தட்டு காலியானது. லிஜி விரலை நக்கிவிட்டு, தட்டை நீட்டி, வீட்டில் தினமும் காதில் விழுந்த ஒரு சொல்லை வாய்க்குள் உருட்டிப் பார்த்தாள்.

"உண்டா?"

வயலட் அச்சில் மாவை அடைத்தாள். முற்றத்தில் பத்ரோஸ் குனிந்து, நாளைக்கென்று வைத்திருந்த இறைச்சியையும் ஒவ்வொரு துண்டாக வலையில் பரப்பிக்கொண்டிருந்தார்.