ஒட்ட வெட்டிய கொடி

எனக்கு ஒரு காலத்தில் கோபம் வரும். சும்மா வராது, பாத்திரம் பண்டங்களோடு வரும். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவள் நான். பகல் முழுக்க அரை மில்லிமீட்டருக்குப் பயந்து கையை அடக்கி வேலை செய்துவிட்டு வீட்டுக்கு வந்தால், அடக்கியதெல்லாம் வாயில் வந்து நிற்கும். எதிர் வீட்டுக்காரர்கள் என் சத்தத்தை வைத்துத்தான் கடிகாரத்தைச் சரிசெய்கிறார்கள் என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். அந்தக் கோபம் ஆறு வருஷத்துக்கு முன் ஒரு ரோஜாவோடு போயிற்று.

அது கொடி ரோஜா. என் வீட்டுக்காரர் வெல்டர். கேட், ஜன்னல் கம்பி என்று ஊரார் வீட்டுக்கே உழைத்தவர், தனக்கென்று ஆசைப்பட்டு வாங்கியது அது ஒன்றைத்தான். எங்கேயோ மூடப்போகிற ஒரு பழைய தோட்டத்திலிருந்து கெஞ்சிக் கூத்தாடி வாங்கி வந்தார். பூவின் உள்ளே செம்பு நிறம், ஓரம் போகப் போக வெளுக்கும். முகர்ந்தால் டீத்தூள் டப்பாவைத் திறந்த மாதிரி வாசனை. அதற்குச் ‘செம்பு’ என்று நாங்களே பேர் வைத்தோம். அது ஏறுவதற்காக மாடி ஜன்னல் வரைக்கும் இரும்பில் ஒரு வளைவு செய்து நிறுத்தினார்.

இன்றைக்கு என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் கொடி ரோஜாவைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவேன். அன்றைக்கு ரோஜாவுக்கு முள் உண்டு என்பது வரைதான் தெரியும். நட்ட மறு வருஷம், அவர் வேலைக்குப் போயிருந்த ஒரு சனிக்கிழமை, கொடி தாறுமாறாகக் கிடக்கிறதே என்று கத்தரியும் கையுமாக என் நாத்தனாருக்குப் போன் போட்டேன். அவள் பள்ளிக்கூடத்தில் தாவரவியல் டீச்சர். எங்கள் குடும்பத்தில் யார் வீட்டுச் செடி வாடினாலும் அவள் சொல்வதுதான் வேதவாக்கு.

“ஒட்ட வெட்டுங்க அண்ணி, அப்பத்தான் நல்லா ஏறும்” என்றாள். ஒட்ட வெட்டினேன்.

செம்பு மாதிரி ரகங்கள் பிறப்பில் கொடியே இல்லை, குட்டைச் செடி. என்றைக்கோ அதில் ஒரு கிளை மட்டும் தன் போக்கில் நீண்டு ஓடியிருக்கும். அந்தக் கிளையை ஒட்டுக் கட்டிக் கட்டித்தான் கொடியாக்கி வைத்திருப்பார்கள். முதல் இரண்டு மூன்று வருஷம் அதன்மேல் கத்தரி படக்கூடாது. பட்டால் பழைய புத்தி திரும்பி மறுபடியும் குட்டைச் செடியாகிவிடலாம். எங்கள் செம்பு அப்படித்தான் ஆயிற்று. இடுப்பு உயரத்தில் நின்றுகொண்டு, அதற்கு மேல் ஒரு விரற்கடைகூட ஏற மாட்டேன் என்றது. வளைவு மொட்டையாக நின்றது.

“ஐயோ, நான் ‘விட்டு வெட்டுங்க’ன்னுதானே சொன்னேன்!” என்றாள் நாத்தனார். “அண்ணிக்கு ‘ஒட்ட வெட்டுங்க’ன்னு காதுல விழுந்திருக்கு. நாள் பூரா மெஷின் சத்தத்துல இருக்காங்க, பாவம்.”

குடும்பமே சிரித்தது. நான் கொஞ்சம் பேச்சைக் கவனிக்காமல் விட்டால் போதும், “அவங்களுக்கு விட்டுன்னா ஒட்ட” என்று ஆரம்பித்துவிடுவார்கள். நானும் நம்பினேன். மெஷின் சத்தம் காதைக் கெடுக்கும் என்பது பொய்யில்லையே. என் வீட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து அந்த மொட்டை வளைவைப் பார்த்து, “பரவால்ல, விடு” என்றார். அந்த ‘விடு’வுக்குப் பதில் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். அதற்குப் பிறகு எனக்கு வாய் எழும்பவில்லை. யார் கரண்டியைக் கீழே போட்டாலும் நானே போய் மெதுவாக எடுப்பேன். அவருடைய ஒரே ஆசையைக் கையால் வெட்டிப் போட்டவள் எந்த முகத்தோடு கத்துவது?

ஆகவே தேட ஆரம்பித்தேன். எப்படியாவது இன்னொரு செம்பைக் கொண்டுவந்து அந்த வளைவில் ஏற்றிவிட வேண்டும், அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. நாத்தனார் தானாகவே வந்து கைகோத்தாள். “கவலைப்படாதீங்க அண்ணி, எங்க ஒளிஞ்சிருந்தாலும் புடிச்சிரலாம்.”

அவர் வாங்கிவந்த தோட்டத்தில் இப்போது கார் நிறுத்துகிறார்கள். பழைய நர்சரி விலைப்பட்டியல்களை எல்லாம் வரவழைத்து அவளும் நானும் உட்கார்ந்து அலசுவோம். வருஷத்துக்கு ஒரே தடவை பூப்பதை அடித்துவிடுவோம். செம்பு மறுபடி மறுபடி பூக்கும். வாசனை பற்றி ஒரு வார்த்தையும் போடாததை அடித்துவிடுவோம். முள்ளே இல்லாத, சின்னச் சின்ன வெள்ளைப் பூவாய்ப் பூக்கிற ஒரு கொடி மட்டும் ஒவ்வொரு பட்டியலிலும் என் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். எனக்கென்றால் அதைத்தான் வாங்கியிருப்பேன். நமக்கு எதற்கு என்று பக்கத்தைத் திருப்பிவிடுவேன்.

நூற்று நாற்பது கடிதம் எழுதியிருப்பேன். நீங்கள் கேட்டது இதுதான் என்று மூன்று செடிகள் வந்தன. ஒன்று கண்ணைப் பறிக்கிற ரோஸ் நிறத்தில் பூத்தது. இன்னொன்று வழியிலேயே செத்தது. மூன்றாவதில் மேல் ஒட்டு காய்ந்துபோய், அடிவேர்ச் செடி குஷியாகக் கிளம்பி ஏதோ காட்டுப் பூவைப் பூத்துத் தள்ளியது. ஒவ்வொரு தடவையும் நாத்தனார் என் தோளைத் தட்டிக்கொடுத்தாள். பஸ் பிடித்து மூன்று ஊருக்குக் கூட வந்திருக்கிறாள். கடித உறையை எச்சில் தொட்டு ஒட்டிக் கொடுத்திருக்கிறாள். கூடப் பிறந்தவள்கூட இப்படிச் செய்ய மாட்டாள் என்று நான் கடையில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

போன சனிக்கிழமை, கடையில் சாப்பாட்டு நேரத்தில், தொழிலை விட்டு ஓய்ந்துபோன ஒரு நர்சரிக்காரருக்குப் போன் போட்டேன். ஒரு பழைய பட்டியலின் கடைசிப் பக்கத்தில் கிடந்த நம்பர் அது. என் ஊர், செம்பின் நிறம், வாசனை, இலையின் பளபளப்பு என்று எல்லாம் சொன்னேன். பெரியவர் பொறுமையாகக் கேட்டார்.

“அந்த ரகம் உங்க ஊர்லயே இருக்கேம்மா” என்றார். “ஆறு வருஷம் இருக்கும். ஒரு டீச்சரம்மா கொம்பு அனுப்பிச்சாங்க. ஒட்டுக் கட்டி நல்ல செடியாத்தான் குடுத்தேன். வேற யாருக்கும் குடுக்கக் கூடாதுன்னு கண்டிப்பாச் சொல்லிட்டாங்க. இருங்க, விலாசம் நோட்டுல இருக்கும். ஆங், தண்ணி டேங்க் தெரு.”

என் காதில் கோளாறு இருக்கலாம். அதனால் இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன்.

தண்ணி டேங்க் தெருவில் நாத்தனார் தனியாக இருப்பவள். கொல்லைப்புறத்தில் நாய் கட்டியிருக்கிறது, கடிக்கும் என்று என்னை எப்போதும் முன்னறையிலேயே உட்காரவைத்து அனுப்பிவிடுவாள். கடைக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன். வழியெல்லாம் நான் யோசித்தது ஒன்றைத்தான். அந்த நாய் ஆறு வருஷத்தில் ஒரு தடவைகூடக் குரைத்துக் கேட்டதில்லை.

“வாங்க அண்ணி, என்ன இப்படித் திடீர்னு?”

சமையலறை வழியாக நேரே நடந்தேன்.

“அண்ணி, நாய்!”

“கடிக்கட்டும்” என்று கதவைத் திறந்தேன்.

நாய் இல்லை. சுவர் முழுக்கச் செம்பு இருந்தது. கொம்புகளைப் படுக்கைவாட்டில் வளைத்துக் கட்டி, கட்டிய இடத்தில் எல்லாம் பூ வாங்கியிருந்தாள். நல்ல வளர்ப்பு, குறை சொல்ல முடியாது. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெட்கக்கேடு என்னவென்றால், முதலில் வந்தது சந்தோஷத்தில்.

“வெளியூர்ப் பூப் போட்டிக்கு வைக்கறேன் அண்ணி” என்றாள் பின்னாலிருந்து. “நாலு வருஷமா முதல் பரிசு. கொடியா வேற யார்கிட்டயும் இல்லாததுதான் அதுக்கு மதிப்பே. உங்களுக்கு வீடு வாசல், புருஷன்னு எல்லாம் இருக்கு. எனக்குன்னு இது ஒண்ணு.”

“ஒட்டன்னுதானே சொன்ன?”

அவள் தரையைப் பார்த்தாள். “ஒட்டன்னுதான் சொன்னேன்.”

கூட இருந்தே குழி பறித்தவளைத் திட்ட வாயைத் திறந்தேன். அப்போதுதான் கொடிக்குப் பின்னால் இருந்த இரும்பு கண்ணில் பட்டது. அதுவும் ஒரு வளைவு. கம்பியின் முனையை உள்பக்கமாக ஒன்றரைச் சுற்றுச் சுருட்டி, பற்றவைத்த இடம் தெரியாமல் அரத்தால் ராவி விட்டிருந்தது. இந்த ஊரில் அப்படிச் சுருட்டுகிறவர் ஒருவர்தான். அவரோடு நான் இருபத்தெட்டு வருஷமாகக் குடித்தனம் செய்கிறேன்.

“உங்களுக்கும் ஒரு ஒட்டுச்செடி போட்டுத் தரேன் அண்ணி, யார்கிட்டயும் சொல்லாதீங்க” என்று என் கையைப் பிடித்தாள்.

“ஒட்டும் வேணாம், உறவும் வேணாம்” என்று உதறிவிட்டு வெளியே வந்தேன்.

வீட்டில் அவர் ஜன்னலோரம் டீ குடித்துக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததுமே டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

“கொம்பு நீங்கதான் குடுத்தீங்களா?”

“ஆசையாக் கேட்டா. ஒரே தங்கச்சி.”

“வளைவு எப்பப் போட்டீங்க?”

அவர் டம்ளரை ஓரமாகத் தள்ளி வைத்தார். நான் நகரவில்லை.

“நீ போன் பண்ணின அன்னிக்கு” என்றார் கடைசியில். “அங்கதான் இருந்தேன். அவ சொன்னது எனக்கும் கேட்டுச்சு. விளையாட்டுக்குச் சொல்றா, நீ வெட்ட மாட்டேன்னு நெனச்சேன். வந்து பாத்தா வெட்டி முடிச்சிருந்த.”

“அப்புறம் சொல்லியிருக்கலாமே. ஆறு வருஷம். நூத்து நாப்பது லெட்டர். ஒவ்வொரு தடவையும் நான் உங்க முன்னாடி தலையைக் குனிஞ்சுகிட்டு நின்னேனே.”

“சொல்லணும்னுதான் இருந்தேன்.” அவர் என்னைப் பார்க்காமல் மொட்டை வளைவைப் பார்த்தார். “நீ சண்டை போடறதையே விட்டுட்ட. வீடு அமைதியா இருந்துச்சு. அது எனக்குப் புடிச்சிருந்துச்சு.”

நாத்தனார் செய்தது பொறாமை. அது எனக்குப் புரிகிறது, அதற்கு மருந்தும் உண்டு. இவர் என் குற்ற உணர்ச்சியை ஆறு வருஷம் விசிறி மாதிரி ஓடவிட்டு, அதன் அடியில் சுகமாக உட்கார்ந்திருந்திருக்கிறார்.

நான் கத்தினேன். ஆனால் குரல் வரவில்லை. ஆறு வருஷமாகப் புழங்காத தொண்டை, முதல் வார்த்தையிலேயே கரகரத்து உடைந்துவிட்டது. அவர் பதறிப்போய் எழுந்து தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். வாங்கி முழுவதையும் குடித்தேன். டம்ளரை ஜன்னல் மேல் வைத்துவிட்டு, முதலிலிருந்து ஆரம்பித்தேன்.