கதைக்கு ஒரு துரை வேண்டும்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கதை எழுத வேண்டுமென்று நான் உட்காரவில்லை. எங்கள் லயத்து அழகம்மாவுக்குப் பாடமாகத்தான் தொடங்கினேன். கேள்வியும் பதிலுமாகச் சொன்னால் அவளுக்கு மனதில் நிற்காது. கதையாகச் சொன்னால் ஒரு வார்த்தை பிசகாமல் திருப்பிச் சொல்வாள். அதனால், அவள் தேயிலைத் தோட்டத்து ஆபீசில் துரைக்கு முன்னால் நின்று வேலை கேட்பதைக் கதையாக எழுதி வாசித்துக் காட்டலாம் என்று நினைத்தேன். எனக்கே முப்பது வயதுக்கு மேல், தொழிற்சங்கத்து வகுப்பில்தான் எழுத்து வந்தது. கொழுந்து பறித்த கையால் எழுதுவதால் சில வரிகள் பாதியில் தூங்கிவிடும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

தொடக்கம், முதல் தடவை: "நோர்வூட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், மலைகளெல்லாம் பனியைப் போர்த்திக்கொண்டு..."

(வேண்டாம். "மல எதுக்குக்கா போத்திக்கிது? அதுக்குக் குளுருமா?" என்று அழகம்மா கேட்டாள். அன்று முழுக்க அதையே பேசிக்கொண்டிருந்தோம்.)

இரண்டாம் தடவை: அழகம்மாவுக்குப் பதினெட்டு வயது. எதையும் மெதுவாகத்தான் பிடித்துக்கொள்வாள். அம்மாவுக்குக் கை உதவியாகக் கொழுந்து பறிப்பதில் குறையில்லை. யாராவது முகத்தைப் பார்த்துக் கேள்வி கேட்டால்தான் வாய் பூட்டிக்கொள்ளும். போன வருடம் பழைய துரை பெயரைக் கேட்டார். அவள் வாய் திறப்பதற்குள், "இது சரிவராது" என்று அனுப்பிவிட்டார். இப்போது அம்மா நெஞ்சு வலியில் படுத்துவிட்டாள். வேலைப் பதிவிலிருந்து அவள் பெயரை வெட்டிவிட்டார்கள். வீட்டில் வேறு ஆளில்லை. வரும் திங்கட்கிழமை காலையில் புதுத் துரை அழகம்மாவின் பெயரைப் பதியாவிட்டால், இரண்டு பேரும் குடியிருக்கும் லயத்துக் காம்பராவை விட்டு வெளியேற வேண்டும் என்று கணக்கப்பிள்ளை சொல்லிவிட்டார்.

இது சரி. இதை வைத்துக்கொள்கிறேன்.

3

சோலைமலையும் இதில் வர வேண்டியவன். அவனும் அழகம்மாவைப் போலத்தான். இருவரையும் சேர்த்துத்தான் பழக்கினோம். ஒரே கதையில் இரண்டு பேரை நடத்த எனக்குக் கை வராது என்று அவனை எடுத்துவிட்டேன்.

("எடுத்தீங்களா? எடுத்து எங்க வச்சிருக்கீங்க?" என்று கேட்டுக்கொண்டு வாசலிலேயே நிற்கிறான்.)

4

பழகும்போது பக்கத்துக் காம்பரா லோரன்ஸ் அண்ணன்தான் துரை. கொழுந்துக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு, கால் மேல் கால் போட்டுக்கொள்வார்.

"பேர் என்னா?"

"அழகம்மாங்க."

"என்னா வேல தெரியும்?"

"கொழுந்து எடுப்பேங்க. மிலாறுக் குச்சி பொறுக்குவேங்க."

"பாட்டு ஒண்ணு பாடு, பாப்போம்."

"அண்ணே, வெளயாடாதீங்க" என்றேன்.

"தொரைமாரும் வெளயாடுவாங்க நாகு. அதுவும் பழகட்டும்."

கொஞ்ச நாளில் அழகம்மா தடங்கலில்லாமல் பதில் சொன்னாள். கூடவே இன்னொன்றும் நடந்தது. பீலியில்* லோரன்ஸ் அண்ணனைக் கண்டால் குடத்தை இறக்கிவைத்து, முக்காட்டை எடுத்துவிட்டு, "சலாங்க தொரை" என்று ஒதுங்கி நின்றாள். லயமே சிரித்தது. அவர் மனைவி மார்கிரட், "இந்த மனுசனையும் மதிக்க ஒரு ஆளு கெடச்சிருச்சு" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆபீசில் இருப்பவரைப் பார்த்து, நீங்க தொரை இல்லை என்று இவள் சொல்லிவிட்டால்?

* மலைத் தண்ணீர் வந்து விழும் இடம். தோட்டத்துச் செய்திகளும் அங்கேதான் விழும்.

5

"லோரன்ஸ் மாமா கதையிலதான் தொரை, அழகு. நெசத் தொரை வேற ஆளு."

"தெரியும்க்கா. சலாம் சொன்னா அவரு சிரிக்கிறாரு, அதான் சொல்றேன்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "நெசத் தொரை என்னா கேப்பாரு?"

புதுத் துரையை நாங்கள் யாரும் கிட்டத்தில் பார்த்ததில்லை.

"அப்ப மாமா வேணாம். அவரு கேட்டா எனக்குப் பதிலு வந்துரும். கதைக்கு வேற தொரை போடுங்க. தெரியாத ஆளா போடுங்க."

6

முடிவு ஒன்று: ஆபீஸ் ஜன்னல் வழியாகப் பனி உள்ளே வருகிறது. மேசை மறைகிறது. துரையின் முகம் மறைகிறது. குரல் மட்டும் மிதக்கிறது. முகமில்லாத குரலுக்கு அழகம்மா நிதானமாகப் பதில் சொல்கிறாள். சொல்லச் சொல்ல அவள் குரலும் பனியில் ஏறி, பங்களாவையும் தாண்டி, மேல்மலை வரைக்கும்

(இங்கே தூங்கிவிட்டேன். என் விரல்கள் தாளில் கொழுந்து தேடினவாம். அழகம்மாதான் சொன்னாள்.)

முடிவு இரண்டு: அவள் வாய் திறப்பதற்குள் துரை

(இதை எழுத மாட்டேன்.)

7

ஆகவே உங்களைத்தான் கேட்கிறேன். அழகம்மாவுக்கு உங்களைத் தெரியாது. இன்று ஞாயிற்றுக்கிழமை, வெயில் இன்னும் இறங்கவில்லை. ஒரு தடவை பழகிப் பார்க்க நேரமிருக்கிறது. நீங்கள் துரையாக உட்காருங்கள். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எதிரே வந்து நிற்கிறாள். பெயரைக் கேளுங்கள். கேட்டபிறகு அடுத்த வரியைத் தேடாதீர்கள். அவளுக்குப் பதில் தெரியும். அது வந்து சேரத்தான் நேரமாகும். அந்த நேரத்துக்காகக் கீழே தாளை வெறுமையாக விட்டிருக்கிறேன்.

"பேர் என்னா?"