ஐந்தாவது கையெழுத்து

காஞ்சிபுரத்தில் இதுவரை பிறந்தவர்களிலேயே பயம் என்றால் என்னவென்று தெரியாத ஒரே மனிதர் நமச்சிவாயம்தான். கோயில் கட்டிய ராஜாக்களுக்குக்கூடப் படையெடுப்பு பயம் இருந்தது, பங்காளி பயம் இருந்தது. நமச்சிவாயத்துக்கு எதுவும் இல்லை. இந்தத் தகவலுக்கு ஆதாரம் நமச்சிவாயம்.

அவர் ஒரு பட்டு நெசவாளர் சங்கத்தில் சேலைக்குத் தரம் பார்ப்பவர். நெசவாளி கொண்டுவந்து வைக்கும் சேலையை ஜன்னல் வெளிச்சத்தில் விரித்து, முழம் முழமாக நகர்த்திப் பார்ப்பார். இழை விட்டிருந்தாலோ கரை கோணியிருந்தாலோ கூலியில் கழிவு. அதுவரை அங்கே குறையை மட்டும்தான் சீட்டில் எழுதுவார்கள், கண்டுபிடித்தவன் யாரென்று எழுத மாட்டார்கள். நமச்சிவாயம் வந்ததும் அதை மாற்றினார். குறையை எழுதி, கீழே தன் முழுப் பெயரையும் வீட்டு விலாசத்தையும் எழுதி, சீட்டை நெசவாளி கையிலேயே கொடுப்பார்.

"குறை சொல்றவன் மூஞ்சியக் காட்டிச் சொல்லணும்பா. ஒளிஞ்சிக்கினு சொல்றது எலி வேலை."

இருபத்திரண்டு வருடத்தில் மூன்று பேர் வீட்டுக்கே வந்து சண்டை போட்டிருக்கிறார்கள். ஒருவர் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

தொண்ணூற்றொன்பதாம் வருடம் வைகாசியில், சென்னையிலிருந்து வாசுதேவ் என்ற அதிகாரி வந்து பயணியர் விடுதியில் தங்கினார். ஆறு வருடத்துக்கு முன்னால் இந்தப் பக்கம் போலீஸ் அதிகாரியாக இருந்த ஒருவரை மாநில அளவில் ஒரு பெரிய நாற்காலியில் உட்கார வைக்கப் போகிறார்கள். அதற்குமுன் அவர் வேலை பார்த்த ஊரில் ஐந்து கௌரவமான மனிதர்களிடம் அவரைப் பற்றி எழுதி வாங்க வேண்டுமாம். அந்தப் பழைய அதிகாரியின் பெயரை ஊரில் யாரும் சொல்வதில்லை. தடை ஒன்றும் கிடையாது. 'அவர்' என்றாலே எல்லோருக்கும் புரிந்தது, பேச்சும் அதோடு நின்றது.

நான்கு பேர் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அரிசி மண்டிக்காரர், டாக்டர், வக்கீல், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஹயக்ரீவன். நால்வரும் எழுதியது ஒரே வாக்கியம் என்று செய்தி கசிந்தது: 'நேர்மையும் மனிதநேயமும் மிக்க இவரை எங்கள் ஊர் என்றும் மறவாது.'

நமச்சிவாயம் மூன்று நாள் சிரித்தார். டீக்கடையில் அதை ராகம் போட்டுப் பாடிக் காட்டினார். "நாலு தறிக்கும் ஒரே டிசைன் அட்டைய மாட்டி ஓட்டிக்கிறானுங்க பாரு! படிச்சவனுங்கபா, எல்லாம் படிச்சவனுங்க!"

நான்காம் நாள் சங்கத்துக்கு ஒரு போலீஸ்காரர் வந்தார். ஐந்தாவது பெயர் நமச்சிவாயத்தினுடையது.

அவருடைய தங்கை கலைவாணியின் கணவர் சிவராஜ். தொண்ணூற்று மூன்றில் கூலி உயர்வு கேட்டு நெசவாளிகள் ஊர்வலம் போனபோது சிவராஜை ஜீப்பில் ஏற்றிப் போனார்கள். சாப்பாடு எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போன நமச்சிவாயம், பின்பக்க ஜன்னல் வழியாகப் பார்த்தார். சிவராஜை இரண்டு பேர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். எதிரே நின்ற 'அவர்' தன் மூக்குக் கண்ணாடியைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே, காய்கறிக்காரனிடம் சொல்வதுபோல் சொன்னார்: "மூஞ்சியில வேணாம். நெசவுக்காரன்தானே, கை போதும்."

சிவராஜ் படியில் தவறி விழுந்ததாக எழுதி முடித்துவிட்டார்கள். வலது கையில் மூன்று விரல் மடங்காது. தறியில் நாடா வீசிய கை, ஆறு வருடமாக வீட்டில் உட்கார்ந்து தார்க்குச்சியில் நூல் சுற்றுகிறது. வெளியாள் ஒருவர் பார்த்ததென்றால் அது நமச்சிவாயம் மட்டும்தான். "எவனாவது கேக்கட்டும், அப்போ சொல்றேன்" என்று அவர் இத்தனை நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது கேட்டுவிட்டார்கள்.

"ஒரு வரி போதும் மச்சான்," என்றார் சிவராஜ். "அவனத் தூக்குல போடச் சொல்லல. அந்த நாற்காலிக்கு அவன் போவக்கூடாது. அப்புறம் எத்தினி பேர் கை போவுமோ."

"ஒரு வரி இன்னா, ஒரு பக்கம் எழுதுறேன் மாப்ள. அடியில விலாசம் வேற."

"ணா, பாத்துப் பேசுணா," என்றாள் கலைவாணி.

"நானா? அவங்க பாத்துப் பேசட்டும்மா."

சிவராஜும் கூடவே கிளம்பினார். வழியில் வெற்றிலைக் கடை முன்னால் ஹயக்ரீவன் நின்றுகொண்டிருந்தார். நமச்சிவாயத்தால் சும்மா போக முடியவில்லை.

"இன்னா சார், பசங்க காப்பி அடிச்சா பெஞ்சு மேல ஏத்துவீங்க. நீங்களே மூணு பேர் பேப்பரப் பாத்து எழுதினீங்களாமே?"

ஹயக்ரீவன் சிரிக்கவில்லை, கோபப்படவுமில்லை. சிவராஜின் கையை ஒரு தடவை பார்த்தார்.

"அங்கே உமக்கு டீ கொடுப்பா. வேண்டாம்னு சொல்லிடாதேயும்," என்று சொல்லிவிட்டு, வாங்கிய வெற்றிலையை எடுக்காமலே போய்விட்டார்.

பயணியர் விடுதி வாசலில் வேப்பமரம் இருந்தும் நிழல் இல்லை. சிவராஜ் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே நின்றார். உள்ளே மேஜை மேல் டீ ஏற்கனவே ஊற்றி வைத்திருந்தது.

"உட்காருங்க சார்," என்றார் வாசுதேவ். நாற்பது வயது, வெள்ளைச் சட்டை, வங்கி மேனேஜர் முகம். "சர்க்கரை போடலை. உங்களுக்கு ஜனவரியிலேருந்து ஆகாதுல்ல?"

நமச்சிவாயத்துக்குச் சர்க்கரை வந்தது அவருக்கும் டாக்டருக்கும் மட்டும்தான் தெரியும். மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. பயந்து அல்ல, சந்தர்ப்பம் வாய்க்கவில்லை.

அவர் டீயை எடுத்து ஒரு வாய் குடித்தார். அளவான சூடு.

"சார், நான் கண்ணால பாத்தது ஒண்ணு இருக்குது. அதை எழுதணும்."

"தாராளமா." வாசுதேவ் முகம் மலர்ந்தது. வெள்ளைத் தாளையும் பேனாவையும் நகர்த்தினார். "இப்படி ஒருத்தர் வரமாட்டாரான்னுதான் உட்கார்ந்திருக்கேன். எல்லாரும் நல்லதையே எழுதினா ஒருத்தரை எப்படி எடை போடறது?"

நமச்சிவாயம் பழக்கதோஷத்தில் முதலில் அடியில் பெயரையும் விலாசத்தையும் எழுதினார். பிறகு மேலே வந்து, '1993ஆம் வருடம்' என்று ஆரம்பித்தார்.

"ஒரு சின்ன நடைமுறை மட்டும் சொல்லிடறேன்," என்றார் வாசுதேவ். "எதிரா யாராவது எழுதினா, அந்தத் தாளை அப்படியே அவர்கிட்ட காட்டி விளக்கம் கேட்கணும். பேரு, விலாசம், கையெழுத்தோட."

"அவர்கிட்டயேவா?"

"வேற யார்கிட்ட? பதில் சொல்ல அவருக்கும் ஒரு வாய்ப்பு வேணுமில்ல. நீங்களும் சங்கத்துல இப்படித்தான் செய்யறீங்களாமே? கேள்விப்பட்டேன். ரொம்ப நியாயமான பழக்கம் சார். எல்லா ஆபீஸ்லயும் வைக்கலாம்."

பேனா '1993ஆம் வருடம்' பக்கத்திலேயே நின்றது. மின்விசிறி தாளின் ஓரத்தைத் தூக்கித் தூக்கிப் போட்டது.

"தபால்ல அனுப்பற வேலைகூட இல்லை," என்று வாசுதேவ் தொடர்ந்தார். "இந்த ஊர்மேல அவருக்கு ரொம்பப் பிரியம். கருட சேவைக்கு வர்றார். உங்க வீட்டுக்கே நேர்ல வந்து கேட்டுக்கறேன்னு சொல்லிட்டார்."

"எங்க வீட்டுக்கா? நான் இன்னும் ஒண்ணுமே எழுதலையே சார்."

"ஆமா," என்றார் வாசுதேவ்.

அவர் எழுந்து ஜன்னல் திரையைக் கொஞ்சம் விலக்கினார். கேட்டுக்கு வெளியே சிவராஜ், சைக்கிள் கைப்பிடியில் இடது கையை வைத்துக்கொண்டு, இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க தங்கச்சி வீட்டுக்காரர்தானே? வெயில்ல நிக்கிறாரே. உள்ளே கூப்பிடவா?" வாசுதேவின் குரலில் அக்கறைக்குக் குறைவில்லை. "இடது கை நல்லாத்தானே இருக்கு அவருக்கு?"

நமச்சிவாயம் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். "வேணாம் சார். அவன் சும்மா... துணைக்கு வந்தான். ஒண்ணும் தெரியாது அவனுக்கு."

"சரி, உங்க இஷ்டம்." வாசுதேவ் திரும்பி வந்து உட்கார்ந்தார். கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை. எழுதுங்கள் என்றும் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

வெளியே ஐயம்பேட்டை பஸ் ஒன்று ஹார்ன் அடித்துக்கொண்டு போனது. சிவராஜ் அதற்கும் திரும்பவில்லை.

"வேற தாள் இருக்குதா சார்?" என்று கேட்டார் நமச்சிவாயம்.

வேறு தாள் தயாராக இருந்தது. எழுதிய தாளை வாசுதேவ் கசக்கவில்லை, நாலாக மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு கோப்பிலிருந்து ஹயக்ரீவன் எழுதிய தாளை எடுத்து, வசதியாகப் பக்கத்தில் வைத்தார்.

நமச்சிவாயம் அதைப் பார்க்கவே இல்லை. பார்க்கத் தேவைப்படவில்லை. ஒரே மூச்சில், அடித்தல் திருத்தல் இல்லாமல், 'மறவாது' வரைக்கும் எழுதி முற்றுப்புள்ளி வைத்தார். கையெழுத்தை மட்டும் கொஞ்சம் சின்னதாகப் போட்டார்.