பூசணிக்காய் ஏற்றிய ராணுவ ஜீப்

1.

இந்தக் கதை ஒரு பூசணிக்காயின்மேல் உட்கார்ந்திருந்தபோது எனக்குக் கிடைத்தது. இதில் மறைக்க ஒன்றுமில்லை. பூசணிக்காய் இருந்தது ஒரு பழைய ராணுவ ஜீப்பின் பின்பக்கம். ஜீப் ஷெர்லியுடையது. அவள் என்னோடு சாயர்புரம் கல்லூரியில் படித்தவள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'எல்லையில் குண்டுகள் வெடித்துக்கொண்டிருந்தபோது அந்த ஜீப்

அந்த வரியைப் பாதியிலேயே அடித்துவிட்டேன். அது எல்லையைப் பார்த்ததா என்று ஷெர்லிக்கே தெரியாது. ராணுவ ஏலத்தில் எடுத்த ஒருவரிடம் வாங்கினாள். மூன்று வருடம் ஒவ்வொரு நட்டாகக் கழற்றி மாட்டி ஓட வைத்தாள். எனக்கு சைக்கிள் செயின் மாட்டவே இன்னும் ஆள் வேண்டும்.

2.

அடுத்த வரைவில் ஷெர்லியை டேவிட்சன் என்ற ஆணாக்கினேன். தூத்துக்குடித் துறைமுகத்தில் ஏஜென்ட் ஆபீசில் வேலை பார்க்கும் நாற்பத்து நான்கு வயதுப் பெண், லீவு நாளில் ஜீப்புக்கடியில் படுத்துக் கிடப்பாள் என்றால் நீங்கள் நம்பமாட்டீர்கள் என்று பயம். (பழியை உங்கள்மேல் போடுகிறேன். பயம் என்னுடையதுதான்.)

வாட்ஸப்பில் அவளுக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது.

"ஏலே பெர்சி, யாருலே அந்த டேவிட்சன்? அவனா எஞ்சின இறக்குனான்?"

"கதைக்குத்தான்ளா..."

"கதைன்னா என் கையில இருக்க கிரீஸ எடுத்து அவன் கையில பூசுவியோ?"

டேவிட்சன் அன்றோடு போய்ச் சேர்ந்தார்.

3.

தூத்துக்குடி உப்புக்காற்று இரும்பை வைத்திருக்க விடாது. அதனால் ஜீப்பை சாயர்புரத்தில் ஒரு வாடகை ஷெட்டில் வைத்திருந்தாள். இப்போது அந்த இடத்தை விற்றுவிட்டார்கள். திங்கட்கிழமைக்குள் காலி செய்ய வேண்டும்.

பைபாஸில் ஓட்டல் கட்டும் ஒரு முதலாளி ஜீப்பைக் கேட்கிறார். வாசலில் சிமெண்ட் மேடையில் நிறுத்துவாராம், வருகிறவர்கள் செல்பி எடுப்பார்களாம். ஷெர்லி அவரிடம் சொன்னது இதுதான்: ஓட்டிப் பராமரிக்க ஒரு இளவட்டம் வந்தால் ஜீப் அதற்கு. வராவிட்டால் ஞாயிறு பத்து மணிக்கு நீங்கள் எடுத்துக்கொள்ளலாம்.

இளவட்டத்தை இழுக்கக் கண்காட்சி வைத்தாள். சர்ச் வாலிபர்கள் முப்பது பேர் வந்தார்கள். ஜீப்பைச் சுற்றிக் கயிறு, 'தொடாதீர்கள்' என்று ஒரு போர்டு, ஸ்டியரிங்கில் சங்கிலிப் பூட்டு. கால் மணி நேரத்தில் முப்பது பேரும் டீ குடிக்கப் போய்விட்டார்கள். என்ன தப்பு என்று அவளுக்குப் புரியவில்லை. (எனக்கும்தான். இப்போது புரிந்தவன் மாதிரி எழுதுகிறேன்.)

[குறிப்பு: இந்த ஜீப்புக்குச் சாவி கிடையாது, ஒரு சுவிட்ச்தான். அவசரத்தில் யார் ஏறினாலும் கிளம்ப வேண்டும் என்று ஷெர்லி காரணம் சொல்வாள். சங்கிலி அவளாகப் போட்டது.]

4.

போன வாரம் எங்கள் சர்ச்சில் அசனம், ஊருக்கே சமைத்துப் போடும் விருந்து. காய்கறி ஏற்ற வேண்டிய லோடு ஆட்டோ வரவில்லை. ஜீப்பைக் கேட்டார்கள். ஷெர்லி பெயிண்டை நினைத்து முகத்தைச் சுளித்தாள். பிறகு சங்கிலியைக் கழற்றினாள். கத்தரிக்காய் மூட்டை, பூசணிக்காய், அதற்குமேல் நான்.

பாதி வழியில் நின்றுவிட்டது. பின்னால் பைக்கில் வந்த வாலிபர்கள் தள்ள ஓடிவந்தார்கள்.

"தொடாதீங்கலே!" என்று பழக்கதோஷத்தில் கத்தினாள் ஷெர்லி.

"தொடாம எப்படிக்கா தள்ளுதது?" என்றாள் அவர்களோடு பைக்கில் வந்த பெனிஷா, பாலிடெக்னிக் படிப்பவள்.

ஷெர்லி இறங்கி பானட்டைத் திறந்து பார்த்து மூடுவதற்குள் பெனிஷா சீட்டில் ஏறிவிட்டாள். அப்பாவின் டிராக்டரை ஓட்டிப் பழகியவள். சுவிட்சைப் போட்டு, இரண்டாவது கியரில் வைத்து, எட்டுப் பேர் தள்ளத் தள்ளக் கிளட்சை விட்டாள். ஜீப் பிடித்துக்கொண்டது. அவள் நிறுத்தவே இல்லை. பூசணிக்காயோடும் என்னோடும் சர்ச் வாசல் வரை ஓட்டிப் போனாள். ஷெர்லி ஒற்றைச் செருப்போடு பின்னால் ஓடி வந்தாள்.

அவ்வளவு அழகாக இன்னொருத்தி அந்த ஜீப்பை ஓட்டுவாள் என்று நான் நினைத்ததில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஷெர்லி திட்ட வாயெடுத்தாள். பெனிஷா முந்திக்கொண்டாள்.

"அக்கா, செகண்ட் கியரு கல்லு கணக்கா இருக்கு. எப்பக்கா கழட்டுவோம்? எங்க வீட்டுப் பின்னால எடம் சும்மா கெடக்கு, அங்கன வச்சே பாக்கலாம்."

"ஞாயித்துக்கெழம ஷெட்டுக்கு வா," என்றாள் ஷெர்லி.

"ஆராதன முடிஞ்சதும் வாரேன்க்கா."

ஆராதனை முடியவே பத்து மணி ஆகிவிடும்; முதலாளிக்குச் சொன்ன பத்து மணிக் கெடுவைப் பெனிஷாவிடம் சொல்லிவிடலாம் என்றேன். ஷெர்லி விடவில்லை.

"சொன்னா பாவம் பாத்து வருவா. அப்படி ஒண்ணும் வர வேண்டாம்."

5.

முடிவு ஒன்று: போதகர் பிரசங்கத்தைச் சுருக்குகிறார். (எங்கள் சர்ச்சை அறிந்தவர்கள் சிரிப்பார்கள். அடித்தேன்.)

முடிவு இரண்டு: ஓட்டல் முதலாளியின் கார் பஞ்சர். (எனக்கே வெட்கமாக இருக்கிறது.)

முடிவு மூன்று: பெனிஷா வரவில்லை, ஏனென்றால்

இதை என்னால் எழுத முடியவில்லை.

இன்று ஞாயிறு. மணி ஒன்பது ஐம்பது. ஷெட்டில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். சர்ச் மைக்கில் பிரசங்கம் இன்னும் ஓடுகிறது. ஷெர்லி கயிற்றைச் சுருட்டிவிட்டாள். 'தொடாதீர்கள்' போர்டைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் ஸ்பேனர்களைப் பரப்பியிருக்கிறாள். இரண்டு செட்.

"எழுதி முடிச்சிட்டியாலே?"

"முடிவு மட்டும் பாக்கி."

"அத மட்டும் நீ தொடாத."

மைக் நின்றுவிட்டது. சற்று நேரத்தில் வாசலில் ஏதோ வண்டி வந்து நிற்கிறது. காரா, பைக்கா என்று நான் திரும்பிப் பார்க்கப்போவதில்லை. ஷெர்லியும் பார்க்கவில்லை, கையைத் துடைத்துக்கொண்டே இருக்கிறாள். நீங்கள் வாசலுக்குப் பக்கத்தில்தானே இருக்கிறீர்கள், கொஞ்சம் எட்டிப் பாருங்கள்.