தலையை நீங்களே கொண்டுவர வேண்டும்

1

இந்தக் கதை எனக்குச் சுவர் வழியாக வந்தது. வராஜ்தின் நகரில் எங்கள் அடுக்குமாடிச் சுவர்கள் மெல்லியவை. ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநரான எனக்கோ காதுகள் பெரியவை. பக்கத்து வீட்டு ஷ்டெஃப் தும்மினால் என் காப்பிக் கோப்பை மேசையை விட்டுக் குதிக்கும். (சரி, அசையும்.)

முதலில் இப்படித்தான் தொடங்கினேன்: 'அந்த ஜூன் காலையில் மேகங்கள்...'

வேண்டாம். மேகங்களுக்கு இங்கே வேலையில்லை. தாடியிலிருந்து தொடங்குகிறேன்.

2

ஷ்டெஃபின் தாடியில் குருவிகள் குடும்பம் நடத்தின. பனிக்காலத்தில் அதைப் போர்த்திக்கொண்டு நான்கு பேர் தூங்கலாம். (ஒருவர். இது மட்டும் உண்மை: மகள் யெல்கா கைக்குழந்தையாக இருந்தபோது அந்தத் தாடியை முஷ்டியில் பிடித்தால்தான் தூங்குவாள். அன்று முதல் அவர் அதில் கத்தி படவிடவில்லை.)

யெல்கா வளர்ந்து, வக்கீல் படிப்புக்குக் கொண்டுபோகும் பள்ளியை விட்டுவிட்டு, வாரத்தில் பாதி வகுப்பும் பாதி சலூனுமாக முடிதிருத்தும் தொழில் பழகப் போனாள். அன்று சுவர் அதிர்ந்தது.

"ஊரான் தலையில கைவைக்கவா உன்னப் பெத்தேன்?"

"ஊரான் தலைதாம்ப்பா. உங்க தலைய யாரு கேட்டா?"

அதன்பிறகு அப்பாவும் மகளும் உப்பையும் ரொட்டியையும் கேட்டு வாங்க மட்டுமே பேசிக்கொண்டார்கள்.

3

இறுதிப் பரீட்சையில் முடிவெட்டுவதோடு, கத்தி பிடித்துத் தாடியையும் முழுதாக மழிக்க வேண்டும். தலையைப் பள்ளி தராது. பரீட்சைக்கு வருபவரே ஆள் கூட்டிவர வேண்டும். யெல்கா அத்தை மகன் டொமாகோயைப் பல மாதமாகக் காடாக வளர்த்து வைத்திருந்தாள்.

(இனி சுவர் கிடையாது. பாதி டொமாகோய் சொன்னது. மீதிக்கு நானே பொறுப்பு.)

பரீட்சைக் கூடத்து வாசலில் டொமாகோய் வந்து நின்றான். பளபளவென்று. தலை ஒட்ட வெட்டி, கன்னம் மழமழவென்று, வாசனைத் தண்ணீர் வேறு.

"டேய்... என்னடா இது?"

"பரீட்சைக்கு வரோமே, நாலு பெரியவங்க பாப்பாங்களேன்னு நீட்டா வந்தேன். நல்லாருக்கா?"

"உன் மண்டைய வச்சு நான் இப்ப எத வெட்டறது, எருமை?"

உள்ளேயிருந்து பரீட்சகர் ஸ்லாவா அம்மாள் எட்டிப் பார்த்தார். "ஆள் இல்லன்னா இலையுதிர் காலத்துல வாம்மா."

அவள் பழகிய சலூனில் வேலைக்குக் காலியான நாற்காலி அதுவரை காத்திருக்காது. இன்று தேறினால்தான் அது யெல்காவுக்கு.

4

இங்கே ஷ்டெஃபை எப்படி உள்ளே கொண்டுவருவது என்று ஒரு வாரம் திணறினேன். 'தந்தைப் பாசம் பொங்கி அவர்...' அடித்துவிட்டேன். அவர் மகளை வேனில் இறக்கிவிட்டு, வாசலில் சாய்ந்து எள் தூவிய ரொட்டி தின்றுகொண்டிருந்தார். அவ்வளவுதான். தாடியெல்லாம் எள்.

யெல்கா அவரிடம் எதையும் கேட்கவில்லை. பையை மூடினாள். அவர்தான் எள்ளைத் தட்டினார்.

"எந்த நாற்காலி?"

"அப்பா, முழுசா எடுக்கணும்ப்பா."

"எனக்கென்ன காது செவிடா? எந்த நாற்காலின்னு கேட்டேன்."

5

மூன்று முடிவுகள் எழுதினேன். ஒன்றில் யெல்கா தேறுகிறாள், ஊரே கைதட்டுகிறது. (ஊர் அன்று சந்தையில் இருந்தது.) இன்னொன்றில் தாடிக்கடியில் அவளுக்கு இருப்பது போலவே ஒரு முகவாய்க் குழி. அது அழகு, அதனால் சந்தேகம். மூன்றாவதை நானே படித்து அழுதுவிட்டேன், கிழித்தேன்.

கைவசம் இருப்பது இவ்வளவுதான்: வெள்ளைத் துணி போர்த்தியாயிற்று. முடி வெட்டியாயிற்று. இனி தாடி. ஸ்லாவா அம்மாள் கடிகாரத்தைப் பார்க்கிறார்.

"கை நடுங்குதா கண்ணு?" என்கிறார் ஷ்டெஃப்.

"இல்ல."

"அப்ப எனக்கும் பயமில்ல." துணிக்கடியிலிருந்து கையை எடுத்து, மகளின் கையைத் தாடியில் வைத்து மூடுகிறார். "ஒரே ஒரு தடவ புடிச்சுக்கோ."

யெல்கா பிடித்துக்கொள்கிறாள். கத்தி இன்னொரு கையில்.

நான் இங்கே இறங்கிக்கொள்கிறேன். அவள் எப்போது பிடியை விடுவாள் என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். அவசரமில்லை, ஸ்லாவா அம்மாளும் கடிகாரத்திலிருந்து பார்வையைத் திருப்பிக்கொண்டுவிட்டார்.