சமார் தீவுக் கூரையில் வாஞ்சிநாதன்

எல்லோருக்கும் வணக்கம். சௌக்கியமா? வீட்டில் பெரியவர்களுக்கு முட்டிவலி தேவலையா, குழந்தைகளுக்குச் சளி, இருமல் ஒன்றும் இல்லையே? இங்கே ஃப்ரீமான்ட்டில் எல்லோரும் நலம். மழை மட்டும் ரயிலுக்குள் பெய்துகொண்டிருந்தது.

பெட்டி முழுக்கப் பெய்யவில்லை. காலை ரயிலில் ஜன்னலோரமாக ஒரே ஒரு இருக்கையின் மேல்தான் பெய்தது. அதில் உட்காருபவர் மரிவிக் என்கிற பிலிப்பினோ பெண்மணி. சான் பிரான்சிஸ்கோவில் ஒரு முதியோர் இல்லத்தில் வயதானவர்களைக் குளிப்பாட்டி, சோறூட்டிப் படுக்க வைப்பது அவர் வேலை. அவர் வேறு இருக்கைக்கு மாறினால் மழையும் எழுந்து கூடவே போகும். அதனால் பிளாஸ்டிக் தொப்பியைப் போட்டுக்கொண்டு ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் இருப்பவர்கள் மடிக்கணினியைக் கொஞ்சம் நகர்த்திக்கொள்வார்கள். அவ்வளவுதான்.

மழை எங்கிருந்து வருகிறது என்பதில் ரகசியம் ஒன்றும் இல்லை. பிலிப்பைன்ஸில் சமார் தீவில் அவருடைய அம்மா லூர்தெஸ் தனியாக இருக்கிறார். இங்கே காலை என்றால் அங்கே இரவு. அந்த வீட்டுக்குக் கூரை என்பது தேர்தல் முடிந்ததும் அவிழ்த்துக் கொண்டுவந்த மேயரின் பேனர்தான். மேயர் வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டிருப்பார். அந்த வாய் இருந்த இடத்தில்தான் பேனர் கிழிந்திருந்தது. அங்கே மழை பெய்தால் அது மேயர் வாய் வழியாக இறங்கி இங்கே மகள் தலையில் விழும். தன் தலை நனைந்தால் அம்மா படுக்கையும் நனைகிறது என்று மரிவிக்குக்குத் தெரியும். பேனரை எடுத்துவிட்டு நல்ல தகரம் போடலாம் என்றால் அம்மா விடவில்லை. புயலுக்குப் பிறகு வருகிற நிவாரண அரிசி, மேயர் முகம் இருக்கிற கூரைகளுக்குத்தான் முதலில் வரும். நனையாமல் பட்டினி கிடப்பதா, நனைந்துகொண்டு சாப்பிடுவதா என்றால் அம்மா சாப்பாட்டைத்தான் தேர்ந்தெடுத்தார்.

எதிர் இருக்கையில் சேனாபதி உட்காருவார். கோபிச்செட்டிபாளையத்துக்காரர், மென்பொருள் வேலை. தினமும் அந்த மழையைப் பார்த்துப் பார்த்து, பிலிப்பினோ வறுமையைப் பற்றியும் அந்த நாட்டுத் தலைவர்களைப் பற்றியும் நிறைய யோசித்து வைத்திருந்தார். யோசித்ததை அவரால் உள்ளேயே வைத்துக்கொள்ள முடியாது.

"ஏனுங்க, அப்பன் மேயரு, அம்மா கவர்னரு, பையன் கவுன்சிலரு. ஒரே குடும்பத்துக்கே ஓட்டுப் போட்டுட்டு இருந்தா அந்த ஊரு எப்படிங்க உருப்படும்?" என்று பக்கத்தில் இருந்த வாஞ்சிநாதனிடம் கேட்பார்.

"ஜனங்களுக்கு அவேர்னஸ் இல்ல சார். லீடர்ஷிப்னா என்னன்னே தெரியல பாவம்" என்பார் வாஞ்சிநாதன். அவர் எங்கள் வட்டாரத் தமிழ்ச் சங்கத்தின் தலைவர். அவருக்கு முன்னால் தலைவராக இருந்தவர் அவர் மனைவி நாகலக்ஷ்மி. இளைஞர் அணிச் செயலாளர் மகன் ஆதர்ஷ். அவனுக்குத் தமிழ் புரியும், பதில் இங்கிலீஷில்தான் வரும். மூவரும் போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள்.

ஒருநாள் சேனாபதி தன் ஆராய்ச்சி முடிவுகளை மரிவிக்கிடமே இங்கிலீஷில் எடுத்துச் சொன்னார். மரிவிக் தொப்பியைப் பிழிந்துவிட்டு, உங்கள் ஊரில் தேர்தல் முடிந்ததும் பேனர்களை என்ன செய்வீர்கள் என்று மட்டும் கேட்டார். சேனாபதிக்குத் தன் பெரியம்மாவின் மாட்டுக்கொட்டகை ஞாபகத்துக்கு வந்தது. அங்கே எதிரெதிர்க் கட்சித் தலைவர்கள் இரண்டு பேர் கயிற்றால் சேர்த்துக் கட்டப்பட்டு, ஒற்றுமையாக எருமைக்கு நிழல் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் அவரே ஒரு வழி சொன்னார். சங்கத்தின் பொங்கல் விழாவுக்கு அடித்த ஃப்ளெக்ஸ் பேனர் ஒன்று வாஞ்சிநாதன் வீட்டுக் கராஜில் சுருட்டியபடி கிடந்தது. சிறப்பு விருந்தினர் முகம் தலைவர் முகத்தைவிடப் பெரிதாகிவிட்டது என்று மறுபடி அச்சடித்தபோது, இரண்டாவதில் மாலையோடு கைகூப்பிக்கொண்டு தலைவர் மட்டும்தான் இருந்தார். அது மூன்று கார் நிறுத்தும் அகலத்துக்கு வந்துவிட்டதால் எந்த மண்டபத்திலும் மாட்ட முடியவில்லை. பிலிப்பினோக்கள் ஊருக்குச் சாமான் அனுப்புகிற பெரிய அட்டைப்பெட்டியில் சோப்பு, டின் மீன், துண்டுகளோடு அதையும் வைத்து அனுப்பினார்கள். வாஞ்சிநாதன் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: "முகம் மேல் பக்கம் இருக்கணும். போட்டோ அனுப்பச் சொல்லுங்கோ." அரிசிக்கு என்ன செய்வது என்று மரிவிக் கேட்டதற்கு, அடுத்த பெட்டியில் சங்கமே அரிசி அனுப்பும் என்று வாக்கும் கொடுத்தார். எல்லோரும் கைதட்டினார்கள்.

கூரை மாறிய அன்று மரிவிக் தலையில் மழை நின்றது. அது வாஞ்சிநாதன் தலையில் விழ ஆரம்பித்தது.

அங்கே ஊர்க்காரர்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. மாலை போட்டுக் கைகூப்பி இவ்வளவு அகலமாகச் சிரிக்கிறவர் வேட்பாளராகத்தான் இருக்க முடியும் என்று அவர்களாகவே முடிவு செய்தார்கள். கிராமத் தேர்தலில் பெயரைக் கையால் எழுதித்தான் ஓட்டுப் போடுவது வழக்கம். லூர்தெஸ் அம்மாவிடம் பெயர் கேட்டு, 'வாஞ்சி' என்று எழுதிப்போட்டார்கள். பெரும்பான்மையில் கிராமத் தலைவராக ஜெயித்துவிட்டார். செய்தி வந்ததும் நாகலக்ஷ்மி கேசரி கிளறினார். வாஞ்சிநாதன் நனைந்தபடியே நன்றியுரை ஆற்றி, பாலம், பள்ளிக்கூடம், வைஃபை எல்லாம் வரும் என்று வீடியோ அனுப்பினார். அரிசி அனுப்ப மறந்துவிட்டார். மேயரின் ஆட்களும் அந்த வீட்டுக் கூரையைப் பார்த்துவிட்டு அரிசியை அடுத்த தெருவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

முகம் இருக்கிறவர்தான் நனைய வேண்டும் என்றால் அந்த மேயர் ஏன் நனையவில்லை என்று சேனாபதி கேட்டார். அவருக்கு எப்போதும் யாராவது குடை பிடிப்பார்கள் என்றார் மரிவிக். இதைச் சொல்லியிருக்கவே கூடாது. அடுத்த வாரமே, சங்கத்தில் துணைச் செயலாளராக ஆசைப்பட்ட சபரி என்கிற இளைஞன் பெரிய கோல்ஃப் குடையோடு ரயிலேறினான்.

"சபரி, செத்த இந்தப் பக்கமா பிடிப்பா. ஷூ நனையறது."

"இதோ அங்கிள். இப்ப ஓகேவா அங்கிள்?"

தலைவருக்குக் குடை வந்ததும் தண்ணீர் எங்கே போகும்? மறுபடி மரிவிக் தலையில் சொட்டியது. அங்கே புது பேனர் கிழியாமலேயே ஒழுகியது. அம்மாவுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. மரிவிக் ரயிலில் இருந்தே போன் பண்ணி, ஈரத் தலையோடு, பேனரைத் திருப்பிப் போடச் சொன்னார். அம்மா காய்ச்சலோடு முனகிக்கொண்டே பக்கத்து வீட்டாரைக் கூப்பிட்டுத் திருப்பிப் போட்டார். வெள்ளைப் பக்கம் வானத்துக்கு. வாஞ்சிநாதன் முகம் வீட்டுக்குள்ளே, அடுப்புக்கு நேர் மேலே.

மழை அத்தோடு யார் தலையிலும் விழவில்லை. சபரி குடையை மடக்கிக்கொண்டு வேறு சங்கத்துக்குப் போய்விட்டான். ஆனால் அன்று பிற்பகல், அங்கே விடிந்த நேரத்தில், முட்டைகூடத் தொடாத வாஞ்சிநாதனுக்கு ஆபீஸ் மீட்டிங் நடுவில் கருவாட்டு ஏப்பம் வந்தது. நாகலக்ஷ்மி அவரை வாசலிலேயே நிறுத்தி விசாரித்தார். அதையாவது சோடா குடித்துச் சமாளித்தார். அடுப்பு பற்றவைக்காத நாட்களைத்தான் சமாளிக்க முடியவில்லை. இரண்டு பிளேட் பிசிபேளாபாத் சாப்பிட்ட பிறகும் வயிறு ஒட்டிப்போய்ப் பசித்தது. டாக்டர்கள் ஒன்றும் இல்லை என்றார்கள்.

"என்ன சேனாபதி இது, சாப்ட்டும் பசிக்கறதே!"

"உங்க தொகுதியில சோறு இல்லீங்க, தலைவரே."

அந்த வாரமே அரிசி போனது. அதற்குப் பிறகு ஒரு மாதமும் தவறவில்லை. பாலத்தைப் பற்றி மட்டும் யாரும் பேசுவதில்லை.

இப்போது மாலை ரயிலில் மரிவிக் காய்ந்த தலையோடு உட்கார்ந்து, எதிரே வாஞ்சிநாதன் முகத்தைப் பார்ப்பார். அவர் ஏப்பம் விட்டால் அம்மா சாப்பிட்டுவிட்டார் என்று தெரிந்து கண்ணை மூடிக்கொள்வார். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தால் உடனே ஊருக்கு போன் பண்ணுவார். பெட்டியில் இருப்பவர்கள் அந்த வாசனைக்குப் பழகிவிட்டார்கள்.

உங்கள் ஊர்க் கூரைகளில் யார் முகம் இருக்கிறது, அது எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்று எழுதுங்கள். திருப்பிப் போட்டுப் பார்த்தவர்கள் அவசியம் எழுதுங்கள்.